துணியை எடுத்துடு, லோர்னா

சனிக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு, லோர்னாவின் எண்ணில் ஐந்து இலக்கங்களை அழுத்திவிட்டு ஆறாவதை அழுத்தாமல் போனை வைத்தேன்.

நான் செய்த குற்றம் அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதிலிருந்து தானாக வந்தது.

எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. வயலுக்குச் சாணிக் கரைசல் அடிப்பதற்கு முன், காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்துவிட வேண்டும். "துணியை எடுத்துடு." இரண்டே வார்த்தை. குளிர்காலம் முழுக்க மாடுகள் உள்ளேயே நின்று போட்டதெல்லாம் குழியில் சேர்ந்து ஊறி ஏப்ரலில் வெளியே வரும்போது, அந்த நாற்றம் துணியில் ஏறினால் மூன்று சலவைக்கும் இறங்காது. பேச்சுவார்த்தை அறுந்த வீடுகள்கூட இந்தப் போனை மட்டும் அறுப்பதில்லை. கீழ்ப் பண்ணையில் வேலித் தகராறு வந்து பதினோரு வருடமாக முகம் பார்க்காத அண்ணனும் தம்பியும் "துணி" என்று ஒற்றைச் சொல்லைச் சொல்லிவிட்டுப் போனை வைப்பார்கள். நானும் முப்பத்து மூன்று வருடமாகப் பக்கத்துப் பண்ணை லோர்னாவுக்குச் சொல்லி வந்திருக்கிறேன். கெரிஸ் பிறந்த அன்று, வலி எடுத்த பிறகுகூடச் சொன்னேன்.

கெரிஸ் என் ஒரே மகள். பர்மிங்ஹாமில் வேலை. செப்டம்பரில் கல்யாணம், டோபி என்ற பையனோடு. நகரத்துப் பிள்ளைதான், ஆனால் கல்யாணம் மட்டும் கிராமத்தில், பழைய வைக்கோல் கொட்டகையில் நடக்க வேண்டுமாம். இப்போது எல்லோருக்கும் அப்படித்தான். தேவாலயத்தில் மோதிரம் மாற்றிவிட்டு நேரே கொட்டகைக்குப் போய், உத்தரத்தில் தொங்கும் சர விளக்குக்குக் கீழே சாப்பிட வேண்டும். மூன்று மாதமாக இருவரும் எங்கள் ஷ்ராப்ஷயர் மாவட்டம் முழுக்கக் கொட்டகை பார்த்தார்கள். நான்குக்கு நானும் கூடப் போனேன். ஒன்றில் சுவர் நிறைய மான் தலை. ஒன்றில் கழிப்பறைக்குப் போக ஒரு வயலைத் தாண்ட வேண்டும். ஒன்றில் வைக்கோல் வாசனை மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தார்கள், வைக்கோல் ஒரு துரும்புகூட இல்லை. ஒவ்வொன்றிலும் டோபி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவருக்குச் சுவர் காலடி எண்ணிக்கொண்டே நடப்பான், எத்தனை மேஜை போடலாம் என்று. கெரிஸ் நடுவில் நின்று மேலே பார்ப்பாள். பிறகு தலையை ஆட்டுவாள். "இது இல்லம்மா."

நான்காவதிலிருந்து திரும்பும் வழியில்தான் கேட்டேன். "நம்ம கொட்டகைக்கு என்ன குறை?"

"நம்மதா? அம்மா, அதுல மேவிஸ் இருக்கு."

மேவிஸ் எங்கள் கால் நொண்டும் பசு. காரில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

சென்ற ஞாயிறு அவள் போன் செய்தாள். "சனிக்கிழமை பதினொரு மணிக்கு லோர்னா ஆன்ட்டி கொட்டகையைப் பாக்கப் போறோம். நீ வர வேணாம்மா."

"ஏன்?"

"நீ வாயைத் திறக்கவே வேணாம். உன் மூஞ்சியே பேசிடும்."

லோர்னாவின் கொட்டகையும் எங்களுடையதும் இரட்டைப் பிள்ளைகள். இருநூறு வருடத்துக்கு முன்னால் இரண்டு சகோதரர்களுக்காக ஒரே தச்சன் கட்டியது. அதே ஓக் உத்தரம், அதே ஒன்பது தூண், மேலே ஆந்தை நுழைய அதே முக்கோண ஓட்டை. நான்கு வருடத்துக்கு முன் லோர்னாவும் அவள் புருஷனும் மாடுகளை விற்றுவிட்டு, தரையைத் தேய்த்து, கண்ணாடிக் கதவு வைத்து, வாசலில் "பழைய களத்துக் கொட்டகை" என்று பலகை மாட்டினார்கள். அங்கே களம் எந்தக் காலத்திலும் கிடையாது. இப்போது கோடையில் வாரா வாரம் கல்யாணம். விருந்தாளிகள் உட்காரும் வைக்கோல் கட்டுகள் எங்கள் வயலில் கட்டியவை. உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டு, "எவ்வளவு அசலா இருக்கு" என்கிறார்கள். அசல் இங்கே, வேலிக்கு இந்தப் பக்கம், காலை ஐந்து மணிக்குப் பால் கறந்துகொண்டிருக்கிறது.

இதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். எனக்குப் பொறுக்காதது வேறு. எட்டு வயதில் முழங்காலை உடைத்துக்கொண்ட கெரிஸ் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டி லோர்னா வீட்டுக்கு ஓடினாள். "நீ திட்டுவ, அவங்க ஊதுவாங்க" என்றாள் பிறகு. பரீட்சையில் தோற்றதும் டோபியைச் சந்தித்ததும் முதலில் அவளுக்குத்தான் தெரியும். எனக்கு எல்லாச் செய்தியும் ஒரு வாரம் தாமதமாக, லோர்னா கைபட்டுத்தான் வரும். அவளும் நானும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. அதற்காகவே அவள்மேல் எனக்கு எரியும். இப்போது கல்யாணமும் அவள் கூரைக்குக் கீழே நடந்தால், அன்று வாசலில் நின்று என் பெண்ணை வரவேற்பவள் அவள். நான் விருந்தாளி. என் வயல் வைக்கோல் மேல் உட்கார்ந்து கேக் தின்ன வேண்டும்.

முற்றத்தில் டிராக்டரில் சாணி டேங்கரை மாட்டிக்கொண்டிருந்தபோது என் கணவன் ஐவர் தேநீர்க் கோப்பையோடு வந்தான். வானத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"மேல் வயலுக்கா? மேற்குக் காத்து அடிக்குதே."

"புல்லு கேக்குது. மழை வர்றதுக்குள்ள அடிச்சாகணும்."

"லோர்னாவுக்குப் போன் பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன்."

அவன் கோப்பையை ஒரு சுற்றுச் சுற்றினான். "இன்னிக்குத்தானே பிள்ளைங்க அங்க வர்றாங்க?"

"அப்படியா? மறந்தே போச்சு."

ஐவர் அதற்குமேல் கேட்கவில்லை. முப்பத்து மூன்று வருடக் குடித்தனத்தில் எந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது என்று அவனுக்குத் தெரியும்.

மேல் வயல் இரண்டு பண்ணைக்கும் நடுவில் இருக்கிறது. டிராக்டர் இருக்கையில் உட்கார்ந்தால் வேலிச் செடிக்கு மேலாக லோர்னாவின் முற்றம் முழுதும் தெரியும். டோபியின் நீலக் கார் வந்துவிட்டது. கண்ணாடிக் கதவு திறந்திருந்தது. உள்ளே சர விளக்கு, பகலிலேயே. கொடியில் வரிசையாக மேஜை விரிப்புகள் காய்ந்தன, கடைசியில் தனியாக நீளமாய் ஒரு வெள்ளைத் துணி. நாளைக்கு வேறு ஏதோ கல்யாணம் போலிருக்கிறது என்று நினைத்தேன். நல்லது, நாளைக்கும் மணக்கட்டும்.

லீவரை இழுத்தேன்.

பின்னால் விசிறிபோல் பழுப்பாக விரிந்தது. காற்று அதை வாங்கிக்கொண்டு வேலியைத் தாண்டியது. சொன்னால் வெட்கம், எனக்குப் பாடத் தோன்றியது. வயல் முனைவரை போய்த் திரும்பினேன். இரண்டாவது வரிசையில் பாதி தூரம் வருவதற்குள் கதவுப் பக்கம் அசைவு தெரிந்தது. முதலில் டோபி, சட்டைக் காலரை மூக்குவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு. பிறகு லோர்னா. கடைசியாகக் கெரிஸ்.

கெரிஸ் மூக்கைப் பிடிக்கவில்லை. பண்ணையில் பிறந்தவள். டிராக்டர் சத்தத்தை வைத்தே யார் ஓட்டுகிறார்கள் என்று சொல்லிவிடுவாள். ஆனால் அவள் என் பக்கம் பார்க்கவில்லை. கொடியைப் பார்த்தாள். ஓட ஆரம்பித்தாள். மேஜை விரிப்புகளையெல்லாம் விட்டுவிட்டு, கடைசியில் கிடந்த அந்த நீள வெள்ளையை நோக்கி ஓடினாள். அவள் கை படுமுன் காற்று அதைத் தூக்கித் திருப்பியது.

அதற்குக் கை இருந்தது. தோளில் பலூன்போல் உப்பிய, மணிக்கட்டில் பன்னிரண்டு முத்துப் பொத்தான் வைத்த கை. அந்தக் காலத்தில் அதுதான் மோஸ்தர். அந்தக் கைக்குள் என் கையை நுழைத்துக்கொண்டுதான் நான் ஐவர் பக்கத்தில் நின்றேன்.

லீவரைத் தள்ளினேன். பம்பு உடனே நிற்காது. இன்னும் பத்து எண்ணும்வரை அது அடித்துக்கொண்டேதான் இருந்தது.

வேலிக் கதவருகே மூவரும் வந்து நின்றார்கள். நான் இறங்கிப் போனேன். என் கல்யாண உடுப்பைக் கெரிஸ் தூங்கும் குழந்தைபோல் இரண்டு கையிலும் ஏந்தியிருந்தாள். ஒரு துளியும் படவில்லை. நாற்றம் மட்டும் ஏறியிருந்தது, தாராளமாக.

"கிறிஸ்துமஸுக்கு வந்தப்ப பரண்ல இருந்து எடுத்தேன்," என்றாள் கெரிஸ், உடுப்பைப் பார்த்துக்கொண்டே. "மஞ்சளாயிருந்துச்சு. முன்னாடி ஒயின் கறை வேற. லோர்னா ஆன்ட்டி ஒரு வாரம் ஊற வச்சு எடுத்தாங்க. இன்னிக்கு இதைப் போட்டுக்கிட்டு வந்து உன்கிட்ட சொல்லலாம்னு இருந்தோம். இங்கதான் கல்யாணம்னு. இதைப் பாத்தா உனக்குக் கோவம் வராதுன்னு."

ஒயின் கறை ஐவரின் சித்தப்பா கொட்டியது. நான் எலுமிச்சை போட்டுப் பார்த்தேன், உப்புப் போட்டுப் பார்த்தேன், கடைசியில் அழுது பார்த்துவிட்டுப் பெட்டியில் வைத்தேன். இப்போது அந்த இடம் பால்போல் இருந்தது. தலை குனிந்து நிற்க வேண்டிய அந்த நேரத்திலும் எனக்குள் ஓடியது ஒன்றுதான்: அதையும் இவள்தான் எடுத்திருக்கிறாள்.

"அம்மா," கெரிஸ் இப்போது நிமிர்ந்தாள். "நீ போன் பண்ணினியா?"

நான் வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் லோர்னா பேசினாள்.

"பண்ணினாடி. மணி அடிச்சுது. நான்தான் உங்களுக்குக் கதவு திறக்க வந்துட்டேன், எடுக்கல."

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியும்.

டோபி காலரைக் கொஞ்சம் இறக்கி மூச்சுவிட்டுப் பார்த்து, மறுபடி ஏற்றிக்கொண்டான். "செப்டம்பர்லயும் இப்படி இருக்குமா, மிஸஸ் பியூ?" என்று என்னைக் கேட்டான்.

"அது உங்க மாமியார் மனசைப் பொறுத்தது," என்றாள் லோர்னா, என்னைப் பதில் சொல்ல விடாமல். பிறகு உடுப்பின் ஓரத்தை விரலால் தொட்டு முகர்ந்தாள். "உடனே அலசணும். ஆனா இங்க காயப் போட முடியாது. மூணு நாளைக்கு என் வீடு முழுக்க இதே மணம்தான். காத்து வர்ற பக்கம் போகணும்." என் பக்கம் திரும்பினாள். "கிளென், இன்னிக்கு நம்ம ரெண்டு பண்ணையிலயும் காத்து சுத்தமா இருக்கிற ஒரே இடம் உன் கொட்டகைதான்."

எங்கள் சமையலறையில் அலசினோம், நானும் கெரிஸும், தொட்டியின் ஆளுக்கொரு பக்கம் நின்று. நான்கு தண்ணீர். வலது கை என்னிடம், இடது கை அவளிடம். ஐவர் ஒருமுறை எட்டிப் பார்த்தான். உடுப்பை அடையாளம் கண்டுகொண்டான், தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

மாடுகளைப் போன வாரமே புல்லுக்கு ஓட்டிவிட்டதால் கொட்டகை காலியாக இருந்தது. ஐவர் தரையைக் கழுவி விட்டிருந்தான். மேவிஸ் மட்டும் நடுவில் நின்று அசைபோட்டது. மேற்குக் கதவு முழுதும் திறந்திருக்க, மலைப் பக்கத்திலிருந்து காற்று நேராக உள்ளே வந்தது, ஈர மண்ணும் முள்பூவும் மணக்க. வைக்கோல் தூக்கும் கொக்கியில் ஹேங்கரை மாட்டிக் கயிற்றை இழுத்தேன். உடுப்பு மெல்ல மேலே ஏறி உத்தரத்துக்கடியில் நின்றது. கெரிஸ் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். கொட்டகை கொட்டகையாகப் போய்ப் பார்த்தாளே, அதே பார்வை. தலையை ஆட்டுவாள் என்று காத்திருந்தேன். ஆட்டவில்லை.

கயிற்றைத் தூணில் கட்டினேன். முடிச்சுப் போட நேரம் பிடித்தது.

"நான் போன் பண்ணல, கெரிஸ்."

"தெரியும்."

"எப்படி?"

"லோர்னா ஆன்ட்டிக்குப் பொய் சொல்ல வராது. காது சிவந்துடும்."

அவள் குரலிலிருந்து என்னால் எதையும் எடுக்க முடியவில்லை. கோபமா, அலுப்பா, வேறு எதுவுமா. லோர்னாவின் காதுகூட எப்போது சிவக்கும் என்று இவளுக்குத் தெரிந்திருக்கிறது. என் காதை இவள் பார்த்திருப்பாளா?

பின்னால் ஏதோ சத்தம். திரும்பினோம். டோபி கிழக்குச் சுவரில் முதுகை ஒட்டி நின்றான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். ஒரு அடி எடுத்து வைத்தான். இன்னொன்று. ஈரத் தரையில் நகரத்து ஷூ வழுக்க, உதடு அசைய எண்ணிக்கொண்டே வந்தான். யாரும் அவனைக் கேட்கவில்லை. கெரிஸ் அவனைத் தடுக்கவும் இல்லை, என்னைப் பார்க்கவும் இல்லை.

"பதினொண்ணு," என்றான் டோபி. "பன்னெண்டு."

பன்னிரண்டில் மேவிஸ் இருந்தது. அவன் நின்றான். மேவிஸ் நகரவில்லை. அவன் சுற்றிக்கொண்டு போகாமல், ஒரு கால் முன்னே இருக்க, எண்ணிக்கையை விட்டுவிடாமல், அது வழிவிடட்டும் என்று காத்திருந்தான். மேலே, காற்று வந்து உடுப்பின் இரண்டு வெறும் கைகளுக்குள்ளும் புகுந்து, அவற்றை மெல்ல மெல்ல உப்ப வைத்தது.