தப்பிச்சிருச்சு

1

முதலில் ஓர் ஒப்புதல். இந்தக் கதையை நான் ஏற்கெனவே நான்கு முறை எழுதி, அச்சில் விட்டு, பாராட்டும் வாங்கியிருக்கிறேன். நான்கிலும் என் அப்பாவின் வேட்டைத் துப்பாக்கி வரும். நான்கும் தப்பு. ஐந்தாவதாக இதை எழுதுவது பிராயச்சித்தம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையான காரணம் அக்கா.

"நீதானே பெருமையா எழுதி வச்சே. நீயே திருத்தி எழுது" என்றாள். அக்கா கணக்கு டீச்சர். தப்பான விடையைச் சிவப்பு மையில் சுழித்துவிட்டு, பக்கத்திலேயே மறுபடி போடச் சொல்வது அவள் வழக்கம்.

(துப்பாக்கி வந்துவிட்டதே, எப்போது வெடிக்கும் என்று காத்திருக்கும் வாசகருக்கு: வெடிக்காது. இப்போதே சொல்லிவிட்டேன். அந்தப் படபடப்போடு படிப்பது உடம்புக்கு ஆகாது.)

2

எழுதிப் பார்த்துவிட்ட தொடக்கங்கள்:

"அப்பா இறந்த மூன்றாவது வாரம் ஒரு பழுப்பு உறை வந்தது." [எல்லாக் கதையிலும் ஒரு பழுப்பு உறை வந்து தொலைக்கிறது. உண்மையில் வந்தது வெள்ளை உறை.]

"அலமாரிக்குள் அந்தத் துப்பாக்கி, குடும்பத்தின் முதுகெலும்பைப் போல..." [இதை எழுதியவனை எனக்குத் தெரியும். அவனுக்குத் தூக்கம் போதவில்லை.]

"சோர்வாக இருக்கிறது. இருந்தாலும்" [இதற்கு மேல் ஓடவில்லை.]

சரி, நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

துப்பாக்கி தாத்தா வாங்கியது. அவருக்குப் பின் அப்பாவுக்கு வந்தது. நீளக் குழல், கருத்த மரக்கட்டை. கன்னம் வைத்துக் குறிபார்க்கும் இடம் மட்டும் இரண்டு தலைமுறைத் தேய்ப்பில் பளபளக்கும். அப்பா நில அளவை அலுவலகத்தில் வேலை பார்த்தார். வாரம் ஐந்து நாள் அடுத்தவர் நிலத்தை அளப்பார். சனிக்கிழமை துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, கடைசிப் பேருந்து நிறுத்தத்தைத் தாண்டிக் காட்டுக்குப் போவார்.

வெள்ளை உறையில் இருந்தது உரிமம் வழங்கும் அலுவலகத்தின் கடிதம். உரிமம் வைத்திருந்தவர் இறந்துவிட்டதால் அறுபது நாட்களுக்குள் ஒரு முடிவு சொல்ல வேண்டும். கூடவே ஒரு பாரம். அதில் இரண்டு கட்டங்கள்: வாரிசின் பெயருக்கு மாற்றம், உரிமம் பெற்ற கடையில் விற்பனை. ஏதாவது ஒன்றில் குறியிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும்.

அம்மா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மூவரும் உட்கார்ந்தோம். அம்மா பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"வித்துடலாம்" என்றாள் அக்கா. "என் வீட்ல வளர்ற பசங்க இருக்காங்க. நீ தனியா இருக்கே. எதுக்கு அது?"

"அப்பாவோட ஞாபகம்க்கா."

"ஞாபகத்துக்கு ஃபோட்டோ இருக்கு. அதுக்கு லைசென்ஸ் வேண்டாம்."

அம்மா அடுத்த பட்டாணியை எடுத்து உரித்தாள். கடைசியில் நான்தான், கடையில் காட்டிப் பார்க்கலாம், விலை கேட்டால் விற்றதாகிவிடாது என்று ஒரு சமரசம் சொன்னேன். நான் குடிநீர் வாரியத்தில் தொலைபேசிப் புகார்ப் பிரிவில் இருப்பவன். எட்டு மணி நேரமும் என் வேலை, முடிவைத் தள்ளிப்போடுவதுதான்.

3

இங்கே அப்பா என்ற பாத்திரத்தைப் பற்றி எனக்கிருக்கும் சந்தேகத்தைச் சொல்லியாக வேண்டும்.

எனக்கு ஞாபகம் தெரிந்த முதல் சில வருடங்களில் அவர் சனிக்கிழமைகளில் எதையாவது சுட்டுக்கொண்டு வருவார். முயல், புறா, ஒரு தடவை காட்டுப்பன்றி. அதன் பிறகு ஒன்றும் வரவில்லை. வருடக்கணக்கில் வெறுங்கை. கேட்டால் ஒரே பதில்: "தப்பிச்சிருச்சு." வீட்டில் அது ஒரு வேடிக்கைச் சொல்லாகவே ஆகிவிட்டது. பால் பொங்கி வழிந்தால் அக்கா சொல்வாள், தப்பிச்சிருச்சு. நான் பரீட்சையில் கோட்டைவிட்டால் அம்மா சொல்வாள், தப்பிச்சிருச்சு.

நான் அதை வைத்துத்தான் எழுத்தாளன் ஆனேன். என் நான்கு கதைகளிலும் ஒரு வேட்டைக்காரர் குறிபார்ப்பார், விலங்கின் கண்ணைப் பார்ப்பார், துப்பாக்கியைத் தாழ்த்துவார். விமர்சகர் ஒருவர் "உச்சக்கட்டக் கருணை" என்று எழுதினார். அந்தப் பத்திரிகையை அப்பாவிடம் காட்டினேன். முழுதும் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, "நல்லா எழுதுறே" என்றார். அவ்வளவுதான். நான் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

4

நானும் அக்காவும் போன துப்பாக்கிக் கடைக்கு இரண்டு கதவுகள். முதல் கதவு பூட்டிய பிறகுதான் இரண்டாவது திறக்கும். கடைக்காரர் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். கடிதத்தைப் படித்தார். துப்பாக்கியின் பின்பக்க இரும்புத் தாழ்ப்பாளை உருவி, ஒரு துணிமேல் வைத்துப் பாகம் பாகமாகப் பிரித்தார். உள்ளிருந்து விரல் நீளத்துக்கு ஓர் ஊசி வந்தது. அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கடைசியா எப்ப சுட்டது?"

"அப்பாதான் சுடுவாரு. போன வருஷம் வரைக்கும் சனிக்கிழமை தவறாம போனாரு."

"போயிருப்பாரு. சுட்டிருக்க மாட்டாரே."

எங்களுக்குப் புரியவில்லை. அவர் ஊசியை அக்காவின் பக்கம் நீட்டினார். "இதுதான் தோட்டாவோட பின்பக்கத்தைக் குத்தணும். முனையைப் பாருங்க, மொட்டை. விசையை இழுத்தா டிக்குனு சத்தம் வரும். வேற எதுவும் வராது."

"தேஞ்சு போச்சா?"

"தேயலம்மா. தேய்ச்சிருக்காங்க. அரம் போட்ட கோடு தெரியுது பாருங்க. நல்ல கை. எவ்வளவு எடுத்தா போதும்னு தெரிஞ்ச கை."

"எப்ப நடந்திருக்கும்?" என்று நான் கேட்டேன்.

"பல வருஷம் இருக்கும். கோட்டுக்கு மேலேயே எண்ணெய்க் கறை ஏறியிருக்கு." குழலுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். "ஆனா எவ்வளவு சுத்தமா வச்சிருக்காரு. வெடிக்காத துப்பாக்கியை இப்படிப் பார்த்துக்கிட்டவரை நான் பார்த்ததில்லை."

பிறகு, ஒன்றும் கவலையில்லை என்றார். புது ஊசி போட்டுவிடலாம், அரை மணி நேர வேலை, பழசு சேகரிப்பவர்கள் கேட்டு வைத்திருக்கிறார்கள், பாரத்தில் குறியிட்டுக் கொண்டுவந்தால் போதும்.

காருக்குள் ஏறிய அக்கா சாவியைத் திருகவில்லை.

"அம்மா எந்த ஃபேக்டரியில வேலை பார்த்தாங்க?"

பதில் தெரிந்துகொண்டே கேட்பது, வகுப்பில் கேட்பதைப் போல.

"தையல் மெஷின் ஃபேக்டரி."

"எந்தப் பிரிவு?"

"ஊசி பொருத்துற பிரிவு."

அக்கா காரைக் கிளப்பினாள்.

5

அம்மா எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"கடைக்காரர் பிரிச்சுப் பார்த்துட்டாரா?"

"பார்த்துட்டாரும்மா" என்றேன்.

"உனக்கு அப்ப ஒன்பது வயசு. இவளுக்குப் பன்னண்டு" என்று தொடங்கினாள். அம்மா கதை சொல்கிறவள் அல்ல. ரேஷன் அட்டையில் இருப்பதைப் படிப்பதுபோலச் சொன்னாள். "அந்த வருஷம் அவருக்கு என்னமோ ஆயிருச்சு. என்னன்னு கேட்டா சோர்வா இருக்கும்பாரு. வேற வார்த்தையே கிடையாது. ஆபீஸ் போவாரு, வருவாரு, சுவரைப் பார்த்து உட்காருவாரு. தட்டை வச்சா சாப்பிடுவாரு, வைக்கலைன்னா கேக்க மாட்டாரு. ஒரு நாள் ஷிஃப்ட் முடிஞ்சு சீக்கிரமா வந்தேன். துப்பாக்கியை மடியில வச்சுக்கிட்டுக் கட்டில்ல உட்கார்ந்திருந்தாரு. துடைக்கிறேன்னாரு. கையில துணி இல்லை."*

"எங்கேயாவது ஒளிச்சு வச்சிருக்கலாமேம்மா" என்றாள் அக்கா.

"ஒளிச்சா தேடுவாரு. யார்கிட்டயாவது குடுத்தா ஏன்னு கேப்பாரு. கேட்டா நான் சொல்லணும். வாய்விட்டுச் சொன்னா அது நிசமாயிடும்னு பயம். மறுநாள் ஃபேக்டரியிலேர்ந்து ஒரு அரம் எடுத்துட்டு வந்தேன். வேலை முடிஞ்சதும் திருப்பிக் கொண்டுபோய் வச்சுட்டேன்" என்று அதையும் சேர்த்துச் சொன்னாள், களவு எடுத்ததாக நாங்கள் நினைத்துவிடக் கூடாது என்பதுபோல.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"அந்த வாரம் சனிக்கிழமை போனாரு. நான் வாசலையே பார்த்துட்டு நின்னேன். சாயங்காலம் வந்து துப்பாக்கியை வச்சுட்டு, பசிக்குதுன்னாரு. மூணு மாசத்துல முதல் தடவையா அவரா வாயைத் திறந்து கேட்டாரு. தெரிஞ்சிருச்சுன்னு எனக்கும் தெரிஞ்சிருச்சு. அவர் ஒண்ணும் கேக்கல. நான் ஒண்ணும் சொல்லல. முப்பத்தோரு வருஷம்."

"அப்புறம் எதுக்கு ஒவ்வொரு வாரமும் எடுத்துட்டுப் போனாரு?"

"சும்மா நடக்கத்தான். வெறுங்கையோட காட்டுப் பக்கம் போற ஆளை நாலு பேர் நிறுத்திக் கேப்பாங்க. துப்பாக்கியோட போனா யாரும் கேக்க மாட்டாங்க."

(* கையில் துணி இல்லை. இந்த மூன்று வார்த்தைக்குப் பக்கத்தில் வைக்க நான் எழுதிப் பார்த்த பதினைந்து வரிகளையும் அடித்துவிட்டேன்.)

6

அந்தச் சனிக்கிழமையை எழுத வேண்டும் என்றுதான் இத்தனை நாளாக உட்கார்ந்திருக்கிறேன்.

"அவர் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தார். காலணிகளைக் கழற்றி வைத்தார். பிறகு குழலை" [மாட்டேன்.]

"புதருக்குள்ளிருந்து காட்டுப்பன்றி ஒன்று வந்தது. அவர் குறிபார்த்து விசையை இழுத்தார். டிக். பன்றி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனது. அவர் மறுபடி இழுத்தார். டிக். அப்போது அவருக்குச் சிரிப்பு வந்தது." [இப்படி நடந்திருந்தால் நன்றாக இருக்கும்.]

இரண்டில் எது என்று எனக்குத் தெரியாது. அம்மா அங்கே இல்லை. அப்பா இப்போது எங்கேயும் இல்லை. என் கதைகளில் வந்த கருணைக்கு மட்டும் இடம் மாறிவிட்டது. அது வேட்டைக்காரரின் கண்ணில் இருந்ததாக எழுதியிருந்தேன். அது ஊசி முனையில், அரத்தின் கோடுகளாக இருந்திருக்கிறது.

7

இதற்குப் பிறகு நாங்கள் கட்சி மாறினோம். அக்கா, வைத்துக்கொள்ளலாம் என்றாள். அம்மாவின் கைவேலை அதில் இருக்கிறதாம். நான், விற்றுவிடலாம் என்றேன். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

"வித்தா அந்தக் கடைக்காரர் புது ஊசி போட்டுடுவாரு" என்றாள் அம்மா. "அப்புறம் அது யாரோ ஒருத்தர் வீட்டு அலமாரிக்குப் போகும். அந்த வீட்லயும் ஒருத்தர் சோர்வா இருப்பாரு."

"அப்போ இருக்கட்டும். என் பேருக்கே மாத்திக்கிறேன்."

"உன் வீட்டுக்கு வேண்டாம்."

"ஏம்மா?"

அம்மா பாரத்தை ஓரமாக நகர்த்தினாள். "காரியத்துக்கு வந்ததுலேர்ந்து நீ எத்தனை தடவை சோர்வா இருக்குன்னு சொன்னேன்னு தெரியுமா?"

"பதினோரு தடவை" என்றாள் கணக்கு டீச்சர். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"உனக்கும் அப்படி இருக்கா?" என்று அம்மா கேட்டாள்.

இந்த இடத்துக்கு நான் எழுதி வைத்திருந்த பதில்கள்:

"அதெல்லாம் இல்லம்மா, வேலை ஜாஸ்தி" என்று அவன் சிரித்தான். [பொய் சொல்லும்போது நான் 'அவன்' ஆகிவிடுகிறேன்.]

அவன் அம்மாவின் மடியில் தலைவைத்துத் தேம்பினான். [நாற்பது வயது, முதுகு வலி, நடுவில் மேசை.]

நடந்தது இது. "சில நாள் இருக்கும்மா" என்றேன். மணி என்ன என்று கேட்டவருக்குச் சொல்வதுபோல வந்தது.

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருஷமா இருக்கும். தனியா வந்ததுக்கு அப்புறம்."

அக்கா மேசைமேல் இருந்த என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அம்மா கண்கலங்கவில்லை.

"அவர்கிட்ட நான் கேக்கல. கேக்காமலே அரம் போட்டுட்டேன். அது ஏதோ பலிச்சுது. எல்லாத் தடவையும் பலிக்காது, அதான் உன்கிட்ட கேட்டுட்டேன்" என்றாள். "டாக்டர்கிட்ட போ. இவ கூட வருவா. அதுவரைக்கும் இங்கேயே படு."

8

அம்மா வீட்டில் எனக்கு ஒதுக்கிய அறையிலிருந்துதான் இதை எழுதுகிறேன். டாக்டரிடம் மூன்று முறை போயாயிற்று. மாத்திரை சாப்பிட்டால் நாக்கு வறள்கிறது, ஆனால் தூக்கம் வருகிறது. வாரியத்தில் விடுப்பு சொன்னேன். என் புகாரைப் பதிவு செய்துகொண்டார்கள். அலமாரிச் சாவி அக்காவின் கைப்பையில்.

இதுவரை எழுதியதை நேற்று அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ரேஷன் அட்டை உவமை அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆறாம் பகுதிக்கு வந்ததும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள்.

"அந்தப் பன்றி வர்றதையே வச்சுக்கோ. இன்னொண்ணை எடுத்துடு."

"எது நிசம்னு தெரியாதேம்மா."

"எனக்கு மட்டும் தெரியுமா? முப்பத்தோரு வருஷமா நான் பன்றியைத்தான் வச்சிருக்கேன்."

அம்மாவின் பிரதியில் எடுத்துவிட்டேன். உங்கள் பிரதியில் இரண்டும் இருக்கின்றன.

பாரத்துக்கு இன்னும் நான்கு நாள் அவகாசம். வியாழக்கிழமை ஐந்து மணிக்கு அலுவலகம் மூடுவார்கள். விற்றால் அது மறுபடி சுடும், எங்கோ, யார் கையிலோ. வைத்துக்கொண்டால் அக்காவின் பெயரில், அவள் பிள்ளைகள் வளரும் வீட்டில், வருடாவருடம் எண்ணெய் போட்டுக்கொண்டு. அக்கா இரண்டுக்கும் பட்டியல் போட்டாள். இரண்டு பக்கமும் சமமாக வந்ததும் கோபம் வந்து கிழித்துவிட்டாள். அம்மா தன் பங்கை ஏற்கெனவே செய்துவிட்டதாகச் சொல்கிறாள். முடிவெடுக்கும் நிலையில் நான் இல்லை என்று டாக்டரே எழுதிக் கொடுத்திருக்கிறார்.

இரண்டு கட்டங்களும் காலியாகத்தான் இருக்கின்றன. எழுதியவன் குறியிட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பாரத்தையும் பேனாவையும் உங்கள் பக்கம் நகர்த்தி வைக்கிறேன். அவசரப்பட வேண்டாம். அம்மா இப்போதுதான் கொஞ்சம் கண் அயர்ந்திருக்கிறாள்.