வயிற்று டாக்டருக்கு அடுத்த அறை

என் மனைவியின் தம்பி பஸ் ஓட்டுகிறான். கொஞ்ச நாளாகக் காலையில் ஸ்டீயரிங்கைத் தொட்டாலே அவனுக்கு வயிறு பிசைகிறதாம். மாத்திரை, மருந்து எல்லாம் தோற்றுப்போயின. வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்று கிளம்பியவனை, கடைசியாக ஒரு டாக்டரைப் பார்த்துவிடு என்று அவன் அக்கா என்னோடு அனுப்பினாள். எனக்குத் தனி உத்தரவு: "கூடப் போனா போதும். வாயை வீட்டுல வெச்சுட்டுப் போங்க."

கழற்றி வைக்கிற வாயாக இருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன்.

டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "வயிறு நல்லா இருக்கு. அதுக்காக வலி பொய்னு சொல்லல. பக்கத்து ரூம்ல ஒரு மேடம் இருக்காங்க, அவங்க..."

மனசு என்ற சொல் காதில் விழுந்தால் மாப்பிள்ளை சுவரேறிக் குதித்துவிடுவான். அக்கா ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்ததற்கே ஒரு வாரம் வீட்டுப் பக்கம் வரவில்லை. "என்ன சாப்பிடணும், எப்படிச் சாப்பிடணும்னு சொல்றவங்க மாப்ள" என்று நான் முந்திக்கொண்டேன். டாக்டர் என்னைத் திருத்துவதற்குள், கை கிழிந்து வந்த ஒருவருக்குத் தையல் போட நர்ஸ் அவரை இழுத்துப் போய்விட்டார்.

அந்த அறைக்குப் பலகை கிடையாது. இந்தப் பக்கம் ஊசி போடுகிறார்கள், அந்தப் பக்கம் சர்க்கரை பார்க்கிறார்கள், நடுவில் அது. யார் எதற்குப் போகிறார் என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. என் பொய்க்கும் வசதி.

அவன் உள்ளே போன வேகத்திலேயே கதவு திறந்தது. "மாமா, உள்ள வாங்க."

"தூக்கம் எப்படின்னு கேட்டேன்," என்றார் மேடம். "காலையில என்ன சாப்பிட்டார்னு ஒப்பிக்கிறார். நான் சாப்பாட்டு மேடம்னு யார் சொன்னது?"

மாப்பிள்ளை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. என்னைப் பார்த்தான், அவ்வளவுதான்.

"நான்தான்."

"இவர் என்னை நம்பிப் பேசணும். பொய்யில ஆரம்பிச்சா எப்படிங்க?" அவன் பக்கம் திரும்பினார். "நான் மனசுக்குப் பார்க்கிறவ. வேண்டாம்னா இப்பவே கிளம்பலாம்."

அவன் எழுந்தான். வீட்டில் என்ன சொல்லிச் சமாளிப்பது என்று நான் யோசிக்கவே ஆரம்பித்துவிட்டேன். கதவுப் பிடியில் கை வைத்தவன், "அப்ப என் வயிறு?" என்றான்.

"அதை டாக்டர் பார்த்துப்பார். நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டேதான் வைத்தியம் பண்ணுவோம். ஸ்டீயரிங்கைத் தொட்டதும் என்ன தோணுது?"

"பின்னாடி அத்தனை பேர் உக்காந்திருக்காங்க. நான் ஏதாவது பண்ணிட்டா?"

அவன் பஸ் போகிற வேகத்துக்கு இறங்கி நடந்தே போய்விடலாம் என்று ஒரு ஜோக் எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. அவன் முகத்தைப் பார்த்து விழுங்கினேன்.

அவன் திரும்பி வந்து உட்கார்ந்தான். "மாமா வெளிய இருக்கட்டும். நடுநடுவுல ஏதாவது சொல்லுவார்."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மனைவிக்குப் போன் போட்டேன்.

"உள்ள பேசிக்கிட்டிருக்கான். என்னைத் துரத்திட்டான்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "கதவு சாத்தியிருக்கா?"

"சாத்தியிருக்கு."

"அப்ப தள்ளி உக்காருங்க. ஒட்டுக் கேப்பீங்க."

பெஞ்சின் மறுகோடிக்கு நகர்ந்தேன்.