எட்டாவது பாட்டில்

“ஏழு பாட்டில்தானே குடுத்தேன்? எட்டு எப்படி வந்துச்சு?”

மாமனார் சமையலறை வாசலிலேயே நின்று கேட்டார். அலமாரியில் மருந்துத்தாள் போட்ட விரல்நீளச் சோதனைப் பாட்டில்கள் வரிசையாக நின்றன. ஓடைத் தண்ணீரைப் பிடித்து இரண்டு நாள் வைத்தால், சாக்கடை கலந்தது மட்டும் கறுத்துவிடும். இரண்டு கறுத்திருந்தன. பெட்டியில் ஒன்று மிச்சம் இருந்தது, வீணாக்குவானேன் என்று பிடித்தேன் என்றாள் மருமகள். எந்த இடத்தில் பிடித்தாய் என்று அவர் கேட்கவில்லை. கேட்காமல் போனதுதான் அவளை உறுத்தியது.

அவர் ஓடைப் பாதுகாப்புக் குழுவின் தலைவர். கூட்டத்தில் ஓடையைத் தாயே என்று அழைத்துத் தழுதழுப்பார். ஆனால் தண்ணீர் பிடிக்க அவர் குறித்துக் கொடுத்த ஏழு இடங்களில் ஆறாவது, அவர்கள் தெருவுக்கு மேலே பாலத்தடியில் இருந்தது. ஏழாவது, தெருவைத் தாண்டிக் கீழே, சலவைக்காரியின் துவைகல் அருகே. நடுவில் இருந்த இருபது வீடுகளின் கொல்லைப்புறத்தை அவர் சாமர்த்தியமாகத் தாண்டிவிட்டார். அந்தக் கொல்லையில் மூக்கைப் பொத்திக்கொண்டு துணி உலர்த்துபவள் மருமகள். அவளுக்குச் சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

அன்று மாலை முன்னறையில் குழு கூடியது. பாலத்தடித் தண்ணீர் தெளிவு, துவைகல் தண்ணீர் கறுப்பு. ஆகவே துவைக்கும் துறையை மூடிவிடுவது என்று தீர்மானம் தயாராக இருந்தது. அதை மூடினால் சலவைக்காரிக்குப் பிழைப்பு போயிற்று. அவள் வெளுத்த சட்டைகளைப் போட்டுக்கொண்டு எல்லோரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். அவளை மட்டும் வழக்கம்போல் படிக்குக் கீழேயே நிறுத்தியிருந்தார்கள்.

“என் கல்லுலேர்ந்து சோப்பு நுரை வரும், ஒத்துக்கறேங்க. சாக்கடை எப்படிங்க வரும்?” என்றாள்.

மருமகள் எட்டாவது பாட்டிலைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். “இது நம்ம கொல்லையில பிடிச்சது மாமா. நம்ம கக்கூஸ் குழாய் ஓடையிலதான் விழுது.”

அதுவும் கன்னங்கரேலென்று இருந்தது. மாமனார் நிதானமாகப் பதிவேட்டைப் புரட்டினார். தண்ணீர் எடுப்பவர் என்ற இடத்தில் அவர் மகனின் பெயர் இருந்தது. பெண்கள் செய்யும் வேலை ஆண்கள் பெயரில் ஏறுவது அந்தத் தெருவின் வழக்கம். அநியாயம்தான், அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை.

“பதிவேட்டுல பேர் இல்லாதவங்க எடுத்த தண்ணி செல்லாது,” என்றார். நாற்காலிகள் நிம்மதியாகத் தலையாட்டின.

மருமகள் மற்ற ஏழையும் எட்டாவதன் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள்.

“அப்படின்னா இந்த ஏழும் செல்லாது மாமா. உங்க பிள்ளை ஒருநாளும் ஓடையில கால் வச்சதில்ல. இங்கதான் இருக்காரு, கேளுங்க.”

எல்லோரும் அவள் கணவனைப் பார்த்தார்கள். சலவைக்காரி யாரையும் கேட்காமல் படியேறி உள்ளே வந்து, அவன் பதிலுக்காக எதிரே நின்றாள்.