கெல் பம்ப் பார்க்க வந்த நாள்

ஹெதர் காதல் காட்சிகளைக் காரில் உட்கார்ந்துதான் எழுதினாள். எழுதினாள் என்பதைவிடப் பேசினாள் என்பது சரி. படகு இறக்கும் சரிவில் காரை நிறுத்துவாள். கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் போனிடம் சொல்வாள். போன் எழுதிக்கொள்ளும். வீட்டில் முடியாது. அவள் கணவன் டெஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நாள் முழுக்க ரேடியோவோடு சமையலறையில் இருந்தான். அவன் உதடு அவள் கழுத்தில் பட்டது என்று ஹெதர் சொன்னால், சீஸ் நறுக்கிக்கொண்டே, யாரு உதடு என்று கேட்பான்.

ஊருக்குத் தெரியும். புத்தக அட்டையில் வேறு பெயர் இருந்தது. அது யாரையும் ஏமாற்றவில்லை. ஓநாயாக மாறுகிறவனையும் ரத்தம் குடிக்கிறவனையும் செத்த பிறகும் போகாதவனையும் பெண்கள் காதலிக்கும் கதைகள். சிங்கி இறால் கூண்டுகளை ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் காரைத் தாண்டும்போது கை காட்டுவார்கள். அவளும் பேச்சை நிறுத்தாமல் கை காட்டுவாள்.

கதைகளுக்கு ஓர் அமைப்பு இருந்தது. கடைசிக்குச் சற்று முன்னால், அவன் அவள் முன் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். சாக்குச் சொல்லக் கூடாது. சிட்னியிலிருந்த பதிப்பாசிரியை இதில் கறாராக இருந்தாள். வாசகிகள் முத்தத்துக்காக வாங்குவதாகச் சொல்வார்கள், வாங்குவது இதற்காகத்தான் என்பாள். முதல் புத்தகத்தில் ஓநாய் ஒரு வரி சொன்னது. "உன்னை ஒரு மூடிய கதவுக்குப் பக்கத்தில் வாழ வைத்தேன். உள்ளேயிருந்து அதைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான்தான்." இரண்டாவது புத்தகத்தில் அந்த வரி இல்லை. வாசகிகள் கோபித்துக்கொண்டார்கள். அதன் பிறகு எல்லா நாயகர்களும் அதைச் சொன்னார்கள். வாசகிகள் அதற்குக் கதவு என்றே பெயர் வைத்தார்கள். பனியனில் அச்சடித்துப் போட்டுக்கொண்டார்கள். புதுப் புத்தகம் வந்தால், கதவு வந்துவிட்டதா என்று இணையத்தில் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள்.

வரி பழையது. ஆட்கள் புதிதாக இருக்க வேண்டும். ஆட்களை அவள் ஊரிலிருந்து எடுத்தாள். முடியின் நிறத்தை மாற்றுவாள், தொழிலை மாற்றுவாள், நூறு வருஷம் பின்னால் தள்ளுவாள். பிறகு அது யாருமில்லை என்று அவளே நம்பிவிடுவாள்.

அடுத்த வீட்டு நோலீனின் கணவன் கெல் இறந்தது ஒரு வசந்த காலத்தில். கொட்டகையில், பாதி பின்னிய கூண்டுக்குப் பக்கத்தில், நெஞ்சு வலி. அதற்குப் பிறகு நோலீன் டீ குடிக்க வர ஆரம்பித்தாள். அவனைப் பற்றிப் பேசினாள். உள்ளே வருவதற்கு முன் பூட்ஸை வாசல் நிலையில் இரண்டு முறை தட்டுவான். கடலிலிருந்து வந்ததும் குளிர்ந்த கையை அவள் பிடரியில் வைப்பான். மாவுக்குள் கறி அடைத்துச் சுட்ட 'பை'யின் ஓரத்தை முதலில் தின்றுவிட்டு நடுப்பகுதியை ஆற விடுவான். ஹெதர் பக்கத்து வீட்டுக்காரியாகத்தான் கேட்டாள். கேட்டபோது கண் கலங்கியதும் உண்மை. மறுநாள் காலை காரில் எல்லாம் வெளியே வந்தது. கப்பலோடு மூழ்கிப்போன ஒரு கேப்டன் பூட்ஸைத் தட்டிவிட்டு கலங்கரை விளக்கத்துக்குள் வந்தான். நாயகியின் பிடரியில் கை வைத்தான்.

செத்தவனுக்கு ஒரு விதி வேண்டும் என்று பதிப்பாசிரியை சொன்னாள். நனைந்திருப்பதை மட்டுமே அவனால் தொட முடியும் என்று ஹெதர் வைத்தாள். நாயகி அடிக்கடி குளிப்பதற்கு ஒரு காரணம் தேவைப்பட்டது.

புத்தகம் இலையுதிர் காலத்தில் வந்தது. நோலீன் இதையெல்லாம் படிக்க மாட்டாள். அவள் படிப்பது தோட்டம், கொலை இரண்டும்தான். ஹெதர் அதை நம்பியிருந்தாள்.

நோலீன் புத்தகத்தோடு வந்தபோது டெஸ் பந்தாட்டம் பார்க்கப் போயிருந்தான். அவள் நாற்காலியில் உட்கார்ந்து, புத்தகத்தை மேசையில் வைத்து, அதன் மேல் கையை வைத்துக்கொண்டாள். அட்டையில் சட்டையில்லாத கேப்டன் மழையில் நின்றான். ஹெதர் முந்திக்கொண்டு எதையோ சொல்லத் தொடங்கினாள். உங்களைக் கேட்டிருக்கணும், நான் நினைக்கவே இல்லை என்பது போல.

நோலீன் கையை ஆட்டி நிறுத்தினாள். கோபமில்லை என்றாள். முதலில் ஒரு மாதிரி இருந்தது, அப்புறம் சிரிப்பு வந்தது என்றாள்.

"இந்தத் தண்ணி சமாச்சாரம் உன்னோடதுதான். கெல்லுக்குத் தண்ணின்னாலே ஆகாது. வாரத்துக்கு ரெண்டு குளியலுக்கே நான் கெஞ்சணும்."

ஹெதரும் சிரித்தாள். பிழைத்துக்கொண்டோம் என்று நினைத்தாள்.

நோலீன் புத்தகத்தைத் திறந்தாள். ஒரு பக்கத்தின் மூலை மடித்திருந்தது. கேப்டன் மண்டியிட்டிருந்த பக்கம்.

நோலீனின் அம்மா லான்செஸ்டன் நகரில் செத்துக்கொண்டிருந்த நாளில்தான் சிங்கி இறால் பிடிக்கும் பருவம் திறந்தது. வண்டி ஒன்றுதான். கெல் அதில் கூண்டுகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டான். அவள் மறுநாள்தான் போக முடிந்தது. அம்மா போய்விட்டிருந்தாள். அதைப் பற்றி கெல் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவளும் கேட்டதில்லை. நோலீன் இதை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது மடித்த மூலையை விரலால் நீவிக்கொண்டே சொன்னாள்.

"பூட்ஸ் நெசம். கை நெசம். கறிப் பை தின்னது நெசம். எல்லாம் நான் உங்கிட்ட சொன்னது. இந்தக் கதவு மட்டும் நான் சொல்லல கண்ணு. அவன் மனசுல இப்படி இருந்தது எனக்கே தெரியாது. அப்ப அவன்தான் சொல்லியிருக்கணும்."

கெல் இறந்ததற்கு முந்தைய குளிர்காலத்தில் ஹெதர் வீட்டு மழைநீர்த் தொட்டியின் பம்ப் நின்றுபோயிற்று. கெல் வந்து ஒரு பிற்பகல் முழுக்க இருந்து சரி செய்தான். நோலீன் அந்த நாளை ஞாபகம் வைத்திருந்தாள்.

"அன்னிக்குச் சொன்னானா?"

ஹெதர் ஆமாம் என்றாள்.

எப்படிச் சொன்னான் என்று நோலீன் கேட்டாள். கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்தார் என்றாள் ஹெதர். என்னைப் பார்க்கவில்லை. தொட்டியைப் பார்த்துத்தான் பேசினார். ஹெதருக்கு எதையும் தேடவே வேண்டியிருக்கவில்லை. வாளி வந்தது, வாளியின் நிறம் வந்தது.

"அழுதானா?"

ஹெதர் ஒரு கணம் யோசித்தாள். அழுதால் அதிகம்.

"இல்ல. ஸ்பேனரைத் துடைச்சுக்கிட்டே இருந்தார். அது சுத்தமாத்தான் இருந்துச்சு."

நோலீன் தலையை ஆட்டினாள். அவன்தான், அவனேதான் என்றாள். டீயைக் குடித்து முடித்தாள். வாசலில் நின்று ஹெதரைக் கட்டிக்கொண்டாள். அவள் அப்படிச் செய்கிறவள் அல்ல.

ஹெதர் கோப்பைகளைக் கழுவினாள். பொய் சொன்னது பெரிதாகத் தெரியவில்லை. அழுகை அதிகம் என்று கணக்குப் போட்டதுதான் உறுத்தியது. அளவு சரியாக இருந்தது என்பதில் உள்ளே ஏதோ ஒன்று திருப்திப்பட்டிருந்தது.

நோலீன் மாறினாள். முடி வெட்டிக்கொண்டாள். அம்மா சாவுக்குப் பிறகு பேசாதிருந்த தங்கையைக் கூப்பிட்டுப் பேசினாள். கெல்லின் பூட்ஸைக் கொட்டகையிலிருந்து எடுத்து நிலைக்குப் பக்கத்தில் வைத்தாள். இதையெல்லாம் வேலியருகே நின்று ஹெதரிடம் சொன்னாள். பிறகு, உன்னுடைய மற்றப் புத்தகங்களையும் படிக்கப் போகிறேன், நூலகத்தில் இருக்கிறதாமே என்றாள்.

ஹெதர் அன்றைக்கே நூலகத்துக்குப் போனாள். தன் புத்தகங்கள் எல்லாவற்றையும் தட்டிலிருந்து எடுத்து மேசையில் அடுக்கினாள். நூலகத்துக்காரி பெவ் ஒவ்வோர் அட்டையாகத் திருப்பிப் பார்த்தாள். எல்லாவற்றிலும் ஒரு சட்டையில்லாத மார்பு இருந்தது.

"யாரும் எடுக்கலன்னு நீயே எடுக்க ஆரம்பிச்சிட்டியா?"

பிழை பார்க்க வேண்டும் என்றாள் ஹெதர்.

"ஒரு சட்டை வாங்கிக் குடு மொதல்ல. குளிர்ல நிக்கிறாங்க பாவம்."

ஒருவருக்கு அத்தனை புத்தகம் தர விதியில்லை. மீதியை டெஸ் பெயரில் எடுத்தாள். டெஸ் பெயரில் அதுவரை வாங்கியிருந்தது டிராக்டர் எஞ்சின் பற்றிய ஒரு புத்தகம் மட்டுமே. பெவ் அதையும் சொல்லிக்காட்டினாள்.

புத்தகங்களைக் காரின் பின்பக்கம் போட்டுக் கம்பளியால் மூடினாள். கார் வளைவில் திரும்பும்போதெல்லாம் அவை சரிந்தன.

அடுத்த கதை அப்போது மன்னிப்புக்கு வந்திருந்தது. சிட்னியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். நாயகன் செத்துப்போன சுரங்கத் தொழிலாளி. ஹெதர் சரிவில் காரை நிறுத்தி அவனை மண்டியிட வைத்தாள். அவன் வாளியின் மேல் உட்கார்ந்தான். எழுந்திருக்கச் சொன்னாள். ஸ்பேனரைத் துடைத்தான். கதவு வரியை வாயைத் திறந்து சொல்லிப் பார்த்தாள். மூடிய என்பதோடு நின்றது. வேறு வரி போடலாம் என்று நினைத்தாள். வேறு வரி இல்லை. அடுத்த நாளும் வந்தாள். போன் மடியில் கிடந்தது. வலை உதறப் போன ஒருவன் கண்ணாடியைத் தட்டி, இன்னைக்குக் கதையில ரெண்டு பேருக்கும் சண்டையா என்று கேட்டுவிட்டுப் போனான்.

அதற்கு மறுநாள் நோலீன் சரிவில் இறங்கி வந்தாள். கதவைத் திறந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். கையில் ஓநாய்ப் புத்தகம் இருந்தது. தேவாலயத்தின் பழம்பொருள் கடையில் கிடைத்ததாகச் சொன்னாள். நூலகத்தில் எல்லாம் வெளியே போயிருக்கிறதாம், உனக்கு இவ்வளவு வாசகர்களா என்றாள். கேலியாகச் சொன்னாளா என்று ஹெதருக்குத் தெரியவில்லை.

நோலீன் கண்ணாடி போட்டுக்கொண்டாள். புத்தகத்தைப் பிரித்து ஓநாய் சொன்னதை மெதுவாக வாசித்தாள். கதவு, உள்ளேயிருந்து, நான்தான். ஒரு சொல்கூட மாறவில்லை. வாசித்து முடித்துப் புத்தகத்தை மூடினாள். தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது எப்ப போட்ட புக்கு?"

ஹெதர் சொன்னாள். கெல் உயிரோடு இருந்த காலம்.

"உன் வீட்ல கெடந்திருக்கும்ல. பம்ப் பாக்க வந்தப்ப எடுத்துப் பொரட்டியிருப்பான். மனசுல பட்டிருக்கும். அதான் அதையே சொல்லியிருக்கான்."

ஹெதரைப் பார்க்காமல் சொன்னாள். இருக்கையின் ஓரத்தைப் பிடித்திருந்தாள்.

ஹெதர் அந்த விளக்கத்தை மனதில் புரட்டிப் பார்த்தாள். பொருந்தி நின்றது. பம்ப் இருந்த இடத்துக்கு மேலே தாழ்வாரத்தில் ஒரு பெட்டி நிறைய அவள் புத்தகங்கள் இருந்தன. மனிதர் டீக்குக் காத்திருந்த நேரத்தில் ஒன்றை எடுத்திருக்கலாம். கறை படிந்த விரலின் தடம் ஒரு பக்கத்தில் இருந்ததாகக்கூடச் சொல்லலாம். நோலீனே பாதிக் கதையைக் கட்டிக் கையில் கொடுத்திருந்தாள். ஆமாம் என்றால் போதும்.

"இல்ல நோலீன்," என்றாள்.

நோலீன் இருக்கையின் ஓரத்தை விடவில்லை.

"அவர் படிக்கல. சொல்லவும் இல்ல. அந்த வரி என் எல்லா புக்குலயும் வரும். வரலன்னா படிக்கிறவங்க சண்டைக்கு வருவாங்க. வாளி, ஸ்பேனர் எல்லாம் நானா சொன்னது. நீங்க கேட்டீங்க, சொல்லிட்டேன்."

"தங்கச்சிகிட்ட சொல்லிட்டேனே," என்றாள் நோலீன்.

மன்னிச்சிருங்க என்ற சொல் ஹெதரின் வாயில் வந்தது. அது ஓநாயின் குரலில் வந்தது. விழுங்கினாள்.

ஒரு படகு கரையேறியது. இருவரும் அது டிரெய்லரில் ஏறி உட்காரும்வரை பார்த்தார்கள். நோலீன் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள்.

"அப்ப அன்னிக்குப் பூரா என்னதான் பேசினான்?"

பம்ப் பற்றிப் பேசினார் என்றாள் ஹெதர். வாஷர் போய்விட்டது என்றார். தொட்டியைக் கழுவ வேண்டும் என்றார். டெஸ்ஸை ஒருமுறை சோம்பேறி என்றார். நோலீன் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கேட்காதது என்னவென்று ஹெதருக்குத் தெரிந்தது.

அப்போதுதான் அது ஞாபகம் வந்தது. கிளம்பும் நேரம். அவள் கேக் வெட்டி வைத்திருந்தாள். கெல் வேண்டாம் என்றான். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தான். அவ்வளவுதான். இத்தனை நாளில் ஒருமுறையும் இதை அவள் எடுக்கவில்லை. எந்தக் கதைக்கும் போதாத அளவு சின்னதாக இருந்தது.

"போறப்ப ஒண்ணு சொன்னார். கேக் குடுத்தேன், வேணாம்னார். நான் போகாம நோலீன் சாப்பிட மாட்டா, காத்துக்கிட்டு இருப்பான்னார்."

நோலீன் திரும்பி அவளைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. ஒரு பக்கத்தைப் படித்து முடித்தவளின் முகமாக இருந்தது.

"இதுவும் நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

கதவைத் திறந்து இறங்கினாள். ஓநாய்ப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, ஈரக் கல்லில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து, சரிவில் ஏறினாள்.

ஹெதர் கார்க் கண்ணாடியை இறக்கினாள். கூப்பிடலாம். அது நிஜமாகவே அவர் சொன்னது என்று சொல்லலாம். வானத்தைப் பார்த்ததையும் துணியில் கை துடைத்ததையும் சேர்த்துச் சொல்லலாம். இந்த முறை இன்னும் நன்றாக வரும் என்று அவளுக்குத் தெரிந்தது. கண்ணாடியை ஏற்றினாள்.