சலவைக்கடை வழியாக மாடிக்கு

இருபத்தாறு வருஷம் எங்கள் கடையின் பின்கட்டு வழியாக ஒரு ஊரே மாடி ஏறி இறங்கியது. அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை வெளியே விட்டதில்லை. வாயை அடக்கத் தெரியாதவள் என்று நியூயார்க்கின் ஃப்ளஷிங் பேட்டை முழுக்கப் பெயரெடுத்தவள் நான். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாயைத் தைத்துக்கொண்டு இருந்தேன் என்றால் அதற்குக் காரணம் சொனு டாக்டர்தான்.

சொனு ஹீ-ரான், மனநல மருத்துவர். கொரியாவின் தேகு நகரில் படித்துவிட்டு எழுபத்தொன்றில் ஒற்றைப் பெட்டியோடு நியூயார்க் வந்து, ஒரு பெரிய மனநல ஆஸ்பத்திரியில் பதின்மூன்று வருஷம் வேலை பார்த்தவர். அந்த ஆஸ்பத்திரியில் ஒரு கொரியப் பெண்ணை ஏழு மாதமாக வைத்திருந்தார்களாம். "நெஞ்சுக்குள்ள நெருப்பு எரியுது" என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னதை, இல்லாதது இருப்பதாக நினைக்கும் நோய் என்று எழுதி வைத்திருந்தார்கள். எங்கள் ஆட்களில், மாமியாரிடமும் புருஷனிடமும் இருபது வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்த எந்தப் பெண்ணைக் கேட்டாலும் நெஞ்சில் நெருப்பு என்றுதான் சொல்வாள். அதற்கு எங்களிடம் பேரே இருக்கிறது, கோபநோய் என்று. சொனு டாக்டர் அவள் எதிரில் போய் உட்கார்ந்து, கொரிய மொழியில், "எத்தனை வருஷமா எரியுது?" என்று கேட்டாராம். அவ்வளவுதான். அவள் அழுத அழுகையில் வார்டே விழித்துக்கொண்டதாம். மூன்றாவது வாரம் குணமாகி வீடு திரும்பினாள்.

அடுத்த மாதமே டாக்டர் அந்த வேலையை விட்டுவிட்டு, யூனியன் தெருவில் எங்கள் சலவைக்கடைக்கு மேலே இருந்த இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்தார். புருஷன் செத்துப்போயிருந்தார், ஒன்பது வயதில் ஒரு மகள். இவருக்கு மூளை கலங்கிவிட்டதா என்று அப்போதே நான் நினைத்தேன்.

நான்கு மாதம் ஒரு ஈ காக்கை வரவில்லை. எப்படி வரும்? மாடிக்குப் போகும் தெருக்கதவுக்கு நேர் எதிரே எங்கள் கொரிய மளிகைக்கடை. அதன் வாசலில் சர்ச் பெண்கள் எந்நேரமும் கிம்ச்சி ஊறுகாய்க்கு முள்ளங்கி பொறுக்கிக்கொண்டு நிற்பார்கள். அந்தக் கதவில் ஒருவர் கை வைத்தால் போதும், ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் அவர் பேரைச் சொல்லி வேண்டிக்கொள்வார்கள். அதற்கடுத்த வாரம் அவர் மகளுக்கு வந்த சம்பந்தம் பின்வாங்கிவிடும்.

ஒருநாள் மதியம் பழக்கடைக்காரர் ஒருவர் ஒரு பழுப்புக் கோட்டை எடுத்துக்கொண்டு என் கடைக்குள் வந்து நின்றார். கோட்டில் ஒரு பொட்டு அழுக்கில்லை. மனிதர் என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"துவைக்கணுமா?" என்றேன்.

"இல்ல... ஆமா... மேல டாக்டர்னு யாரோ..."

அந்நேரம் பார்த்து டாக்டர் என்னோடு சேர்ந்து சாப்பிட டப்பாவோடு உள்ளே நுழைந்தார். ஒரு பார்வையில் அவருக்குப் புரிந்துவிட்டது.

"அம்மா, பின்பக்கம் ஒரு படி இருக்குல்ல?"

"இருக்கு, பெட்டியா அடுக்கி வச்சிருக்கோம்."

"எடுத்துடலாம். முதல்ல இவருக்கு ஒரு சீட்டு கிழிச்சுக் குடுங்க."

"என்னன்னு எழுத?"

"கோட்டுன்னு எழுதுங்க. வேற என்ன எழுதுவீங்க, கண்ணீருன்னா?"

பழக்கடைக்காரர் சிரித்துவிட்டார். டாக்டர் கைச்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, நெடுநேரம் என்னோடு பெட்டிகளைத் தூக்கி அப்பால் வைத்தார். அன்றிலிருந்து அதுதான் வழக்கம். வருகிறவர் கையில் ஒரு துணி இருக்கும். நான் இளஞ்சிவப்புச் சீட்டு கிழித்துத் தருவேன். அவர் தொங்கும் துணிகளுக்கு நடுவே புகுந்து மாடிக்குப் போவார். ஒரு மணி நேரம் கழித்து இறங்கி, துணியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார். எதிர்க்கடை முள்ளங்கிப் பெண்களுக்கு என் வியாபாரத்தைக் கண்டு ஒரே பொறாமை.

பழக்கடைக்காரர் ஒன்பது வருஷம் புதன்கிழமை தோறும் அதே கோட்டோடு வந்தார். "ஐயா, இதை இனி துவைச்சா பொத்தான்தான் மிஞ்சும், வேற கொண்டாங்க" என்று நானே கெஞ்சினேன். அவர் கேட்கவில்லை. கோட்டின் உள்துணியை மூன்று தடவை மாற்றித் தைத்துக் கொடுத்தேன்.

டாக்டர் எனக்கு ஒரே ஒரு கட்டளைதான் போட்டார். "வெளியில எங்க பாத்தாலும் நீங்களா முந்திக்கிட்டு வணக்கம் சொல்லக் கூடாது. அவங்க சிரிச்சா நீங்க சிரிங்க. யார் வந்தாங்கன்னு யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. செத்தாலும் கூடாது." நான் சத்தியம் செய்து கொடுத்தேன். அதன் பலனாக, சர்ச்சிலும் சந்தையிலும் தெரிந்தவர்களைப் பார்த்தும் பார்க்காததுபோல் போகிற திமிர்பிடித்தவள் என்று எனக்குப் பட்டம் கட்டினார்கள். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

தொண்ணூற்றைந்தில் என் மகன் இன்-வூ சாலை விபத்தில் போனான். பத்தொன்பது வயது.

எங்களில் பிள்ளை பெற்றவளுக்கு வீட்டில் தனிப்பேர் கிடையாது. பிள்ளையின் பேரைச் சொல்லி அவன் அம்மா என்றுதான் புருஷன் கூப்பிடுவார். பத்தொன்பது வருஷம் நான் 'இன்-வூ அம்மா'. அவன் போன பிறகு என் வீட்டுக்காரர் அந்தப் பேரை விட்டுவிட்டார். "இந்தா", "கேக்குதா", இவ்வளவுதான். கடை மூடியதும் குடிக்க உட்கார்ந்துவிடுவார். நானும் அவரை ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு பேரும் இஸ்திரி மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று ஊரார் சட்டைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தோம்.

டாக்டர் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் மெல்லக் கேட்டார். "நீங்க ஒருநாள் மேல வாங்களேன்."

"எனக்கென்ன கேடு? நான் சீட்டு கிழிக்கிறவ, சீட்டு வாங்குறவ இல்ல" என்று வெடுக்கென்று சொன்னேன்.

வேறு யாராக இருந்தாலும் முகம் சுருங்கியிருக்கும். அவர் தன் டப்பாவிலிருந்த கடற்பாசிச் சோற்றுச் சுருளில் பாதியை என் பக்கம் தள்ளினார். அதற்குப் பிறகு தினமும் அழுக்குத்துணிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து அரைமணி நேரம் சாப்பிடுவார். நான் கடவுளையும் நகராட்சியையும் ஒரே மூச்சில் திட்டித் தீர்ப்பேன். அவர் கேட்டுக்கொண்டிருப்பார்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு திங்கட்கிழமை ராத்திரிச் சாப்பாட்டில் என் வீட்டுக்காரர் கரண்டியைக் கீழே வைத்தார். "இன்-வூ அம்மா, சூப்புல உப்பு கம்மி" என்றார். நான் உப்பு எடுக்க அடுப்படிக்குப் போனவள் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அந்த மாதத்தோடு குடியும் நின்றது. விடியற்காலை ஜெபத்துக்கு நான் போய் முட்டி தேய்ந்ததுதான் காரணம் என்று டாக்டரிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

"பெரிய ஜெபம்தான்" என்று சொல்லி, அவர் தன் சுருளை மென்றார்.

அந்த டாக்டர்தான் போன நவம்பரில் தூக்கத்திலேயே போய்விட்டார். அறுபத்தெட்டு வயது. கோடை வரைக்கும் நோயாளி பார்த்தவர்.

மகள் யூனிஸ் சியாட்டிலிலிருந்து வந்தாள். ஆயிரம் வேலை உள்ள வக்கீல். மாடி அறைகளைக் காலி செய்துவிட்டு என் கடையில் வந்து உட்கார்ந்தாள்.

"சித்தி, உண்மையைச் சொல்லுங்க. அம்மாகிட்ட யாராவது வந்தாங்களா?"

"ஏன் கண்ணு அப்படிக் கேக்கற?"

"ஸ்கூல் விட்டு வந்து தெருக்கதவுப் படியிலதான் வீட்டுப்பாடம் எழுதுவேன். அத்தனை வருஷத்துல ஒருத்தர் அந்தக் கதவைத் திறந்து நான் பாத்ததில்ல. நானா கேட்டா அம்மா பேச்சை மாத்திடுவாங்க. அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி வேலைய விட்டுட்டு... நெனச்சா பாவமா இருக்கு சித்தி. இரங்கல் கூட்டத்துக்கு முப்பது நாற்காலிதான் சொல்லியிருக்கேன். அதுவே நிறையாது."

அங்கே பேச எழுதியதைக் காட்டினாள். தாயைப் புகழ்ந்துதான் எழுதியிருந்தாள். ஆனால் கடைசி வரி, 'யாரும் தேடி வராத கதவின் முன் என் அம்மா கடைசிவரை காத்திருந்தார்' என்று இருந்தது. பேரைச் சொல்ல ஆரம்பித்தால் விடிய விடியச் சொல்லலாம். சத்தியம் செய்த நாக்கு புரளவில்லை. என்னால் முடிந்தது, எங்கள் மொழிப் பத்திரிகையில் இடத்தையும் நேரத்தையும் போட்டேன். எல்லோரும் வருவார்கள், அவளே கண்ணால் பார்த்துக்கொள்ளட்டும் என்று கணக்குப் போட்டேன்.

சனிக்கிழமை, கடும் குளிர். இரங்கல் கூடத்தில் வெள்ளைச் சாமந்திக்கு நடுவில் டாக்டர் படம், பின்னறையில் காரமான மாட்டுக்கறிச் சூப் கொதித்தது. நான் எங்கள் முறைப்படி வாசலில் ஒரு மேஜை போட்டு, துக்கத்துக்கு வந்தவர்கள் பேர் எழுதும் புத்தகத்தையும் பேனாவையும் வைத்தேன். பதினொரு பேர் வந்து எழுதினார்கள். எல்லாம் கல்லூரித் தோழர்கள், டாக்டர் சங்கத்தார். அப்புறம் ஆளைக் காணோம்.

கண்ணாடி வழியாக வெளியே பார்த்தேன். கார் நிறுத்துமிடம் நிரம்பி வழிந்தது. குளிரில் கையை ஊதிக்கொண்டு கும்பல் கும்பலாக நிற்கிறார்கள், ஒருவரும் உள்ளே வரவில்லை. சிலர் வாசல்வரை வந்து மேஜையைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். கடைசியில் பழக்கடைக்காரர் வந்தார், எண்பது வயதுக் கிழவராக, அதே பழுப்புக் கோட்டில். பேனாவை எடுத்தார். ஒரு கோடு இழுத்தார். பேனாவை வைத்துவிட்டு என்னைத் தலைகுனிந்து வணங்கித் திரும்பி நடந்தார்.

என் மரமண்டைக்கு அப்போதுதான் உறைத்தது. இருபத்தாறு வருஷம் ஒருவர் பேரும் வெளியே தெரியாமல் காத்துவிட்டு, கடைசி நாளில் வாசலிலேயே புத்தகம் விரித்து எல்லோரையும் பேர் எழுதச் சொல்லி நின்றிருக்கிறேன்!

இரங்கலுரை தொடங்கப் பத்து நிமிஷம்தான் இருந்தது. யூனிஸ் காகிதத்தைக் கையில் எடுத்துவிட்டாள்.

"ஏங்க!" என்று கத்தினேன். "நம்ம கடை வேன்ல இருக்கற சீட்டுக் கட்டையெல்லாம் கொண்டாங்க! குண்டூசியும்!"

என் வீட்டுக்காரர் ஏன் என்று கேட்காமல் ஓடினார். நான் பேர்ப்புத்தகத்தை மேஜைக்கு அடியில் எறிந்துவிட்டு, அந்த இடத்தில் இளஞ்சிவப்புக் கட்டை வைத்தேன். "ஐயா!" என்று பழக்கடைக்காரரைக் கூப்பிட்டேன். வெளியிடத்தில் நானாக முந்திக்கொண்டு கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அவர் திரும்பி மேஜையைப் பார்த்தார். கோட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். ஒன்றாம் எண்ணைக் கிழித்து, பாதியைக் காலரில் குத்தி, மீதியை அவர் கையில் கொடுத்தேன். "புதன்கிழமை ரெடியாயிடும்" என்று என் வாய் பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டது. கிழவர் சிரித்தார். கண்ணிலிருந்து கொட்டியதைத் துடைக்காமல் உள்ளே போனார்.

அதற்குப் பிறகு எனக்கு நிமிர நேரமில்லை. நகக்கடைப் பெண்கள், டாக்ஸி ஓட்டுகிறவர்கள், ஒரு பாதிரியார், இரட்டைப் பிள்ளைகளோடு ஒரு தாய். எதிர்க்கடை முள்ளங்கிப் பெண்களில்கூட மூன்று பேர்! ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. கோட்டைக் கழற்றினார்கள், சீட்டை வாங்கினார்கள், உள்ளே போனார்கள். கோட்டுகள் என் தலைக்கு மேல் குவிந்தன. பக்கத்துக் கூடத்தையும் திறந்துவிட்டார்கள்.

யூனிஸ் வெளியே வந்து நின்றாள்.

"சித்தி, இவங்கல்லாம் யாரு?"

"துணி போட வந்தவங்க."

"இவ்வளவு பேரா? அம்மாவுக்கா?"

"உங்க அம்மா வாசலுக்குப் பின்கதவு ஒண்ணு உண்டு கண்ணு. எங்க கடைக்குள்ள. நீ தப்பான படியில உக்காந்து வீட்டுப்பாடம் எழுதியிருக்க."

அவள் குவியலைப் பார்த்தாள். வரிசையைப் பார்த்தாள். அந்தக் காகிதத்தை நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, கோட்டுக் குவியலில் முகத்தைப் புதைத்துச் சின்னப்பிள்ளை மாதிரி அழுதாள். அவளை யாரும் தடுக்கவில்லை.

வரிசை ஓய்ந்தது. கடைசியாக என் வீட்டுக்காரர் வந்து நின்றார். குவியலைத் தூக்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் மேஜையில் ஒரு நீலச் சட்டையை வைத்தார். இன்-வூவின் பேஸ்பால் மேல்சட்டை. பதினைந்து வருஷமாக வேனில் டிரைவர் இருக்கைக்குப் பின்னால் தொங்கியது, நான் தொடப் பயந்தது.

"இதுக்கும் ஒண்ணு கிழி" என்றார்.

"நீங்களா? எப்பங்க?"

"திங்கக்கிழமை. நீ துணி மாட்டுற கம்பி வாங்கப் போவேல்ல."

"சீட்டு?"

"நானே கிழிச்சுக்குவேன்."

அந்த நீலச் சட்டையின் பையில் கைவிட்டேன். கை நிறைய இளஞ்சிவப்புப் பாதிச் சீட்டுகள். ஒவ்வொன்றிலும் அவர் கோணல் எழுத்தில் 'சட்டை ஒன்று' என்று எழுதியிருந்தது. வாசலைக் காத்தவள் நான். தினமும் என்னோடு உட்கார்ந்து சோறு தின்ற அந்த மகராசி, பெரிய ஜெபம்தான் என்று சொல்லிச் சுருளை மென்றாரே தவிர, செத்தும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் புருஷனை எனக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தப் பெருமையையும் எனக்கே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

இருநூற்றுப் பதின்மூன்றைக் கிழித்தேன். குண்டூசி இறங்கவில்லை. அவர் வாங்கிக் குத்தினார். பிறகு மேஜையைச் சுற்றி என் பக்கம் வந்து, சீட்டுக் கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"உன் கோட்டையும் கழட்டு, இன்-வூ அம்மா."

கழற்றிக் கொடுத்தேன். எனக்கு இருநூற்றுப் பதினான்காம் எண் வந்தது.