அட்டையில் இல்லாத பாதி

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், ராஜபாளையம் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வந்த சபைக்காரி சுந்தரம்மாள் காப்பியைக் குடித்து, டம்ளரைக் கீழே வைத்த கையோடு சொன்னாள்: "கர்த்தர் குடுத்த வாக்கு பொய்க்காது ஈஸ்வரி. நம்ம பக்கந்தான் ஏதோ கொறை இருந்திருக்கும்."

நம்ம பக்கம் என்று அவள் சொன்னது செத்துப்போன தனுஷ்கோடியை. அந்த வருஷம் ஜனவரி முதல் தேதி, ஸ்ரீவில்லிபுத்தூர் சபையில் எல்லோரையும் போல அவரும் கூடையில் கைவிட்டு, அந்த வருஷத்துக்கென்று ஒரு வேத வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டையை எடுத்தார். தன்மேல் அன்பு வைத்தவனுக்குக் கடவுள் நீண்ட ஆயுளைத் தருவதாகச் சொல்லும் வசனம். சிரித்துக்கொண்டே போன் உறைக்குள் செருகி வைத்தார். ஜூன் மாதம் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி கழுவிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. வயது ஐம்பத்தொன்பது.

அந்த அட்டையை எழுதியது அவர் மனைவி வெங்கடேஸ்வரிதான். அச்சு மாதிரிக் கையெழுத்து என்று சொல்லிச் சொல்லியே, பதினோரு வருஷமாக நூற்று நாற்பது அட்டைகளையும் அவள் தலையில் கட்டியிருந்தார்கள்.

அவரிடம் என்ன குறை என்று அவளும் தேடிப் பார்த்துவிட்டாள். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்த மனுஷன். ஆராதனைக்கு அரைமணி நேரம் முன்னால் போய்ப் பாய் விரிப்பார். குடி இல்லை, சீட்டு இல்லை. கோபம் மட்டும் உண்டு. குழம்பில் உப்பு கூடினால் தட்டைத் தள்ளிவிடுவார். அதற்கா ஒரு உயிரை எடுப்பார்கள்?

கடைசியில் வேதத்தையே எடுத்து வைத்துக்கொண்டு, தான் எழுதும் வசனங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அப்போதுதான் உறைத்தது. பல வசனங்களில் ஆசீர்வாதத்துக்கு முன்னால் ஒரு நிபந்தனை நின்றது. செவிகொடுக்க வேண்டும், கட்டளைகளைக் கைக்கொள்ள வேண்டும், விதவையையும் அந்நியனையும் ஒடுக்கக் கூடாது. அட்டையில் இடம் போதாதென்று பதினோரு வருஷமும் அந்தப் பாதியைக் கழித்துக் கட்டியவள் அவளேதான். ஒருத்தராவது கேட்டதில்லை.

அந்த டிசம்பரில் எழுத்தைச் சின்னதாக்கி எல்லாவற்றையும் முழுசாக எழுதினாள். முப்பதாம் தேதி மத்தியானம் கொண்டுபோய்ச் சபையில் பாஸ்டரிடம் கொடுத்தாள். பஸ் ஸ்டாண்டு வரை நடந்த பிறகுதான் குடையை விட்டுவந்தது ஞாபகம் வந்தது. திரும்பிப் போனாள். உள்ளே மேஜையில் பாஸ்டர் கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருந்தார். எதிரே சுந்தரம்மாள், அட்டைகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தரையெல்லாம் காகிதத் துண்டு.

"என்ன பாஸ்டர் இது?"

பாஸ்டர் எழுந்தே விட்டார். "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. வருஷத்து மொத நாளு. சனங்க சந்தோசமா எடுத்துட்டுப் போறது. கண்டிஷன் எல்லாம் போட்டா பத்திரம் எழுதுன மாதிரி இருக்கு. அது பிரசங்கத்துல வரும்."

"எந்தப் பிரசங்கத்துல? இம்புட்டு வருசமா நான் ஒண்ணும் கேக்கலையே."

"செத்த உக்காருங்கக்கா..."

"உக்காரல. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அட்டையில இல்லாத கண்டிஷன் எழவு வீட்டுக்கு மட்டும் எங்கருந்து வருது? கூடையில வைக்கையில வெட்டிப் போடுவீங்க, ஆளு செத்த பொறவு தேடி எடுத்துட்டு வந்து, எங்க வீட்டுக்காரரு தலைமாட்டுல வைப்பீங்களா?"

அவள் பார்வை போன பக்கம் பாஸ்டரும் திரும்பிச் சுந்தரம்மாளைப் பார்த்தார். துக்க வீட்டில் அவள் சொன்னது அவருக்குப் புதுச் செய்தி.

"ரெண்டுல ஒண்ணுதான் பாஸ்டர். வெட்டுறதுன்னா, கொறைங்குற அந்தப் பேச்சையும் வெட்டிருங்க."

சுந்தரம்மாள் கையிலிருந்த அட்டையை மேஜைமேல் வைத்தாள். "ஏட்டி, நான் அவியள ஏசணும்னு சொல்லலட்டி."

"பொறவு என்னத்துக்குச் சொன்னிய?"

"எம்மவன் வேல்பாண்டி பார்டர்ல கெடக்கான். அவனுக்கும் போன வருசம் அதே வசனந்தான் நான் எடுத்தேன். ஒரு கொறையும் இல்லாத மனுசனே பொசுக்குன்னு போயிட்டாருன்னா, எம்மவன் கதி என்னட்டி? அவன் கோயில் வாசப்படி மிதிச்சே நாலு வருசமாச்சு. அவியகிட்ட ஏதோ ஒரு கொறை இருந்துச்சுன்னு வச்சாத்தான் எனக்குத் தூக்கம் வருது." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அப்படி ஒரு கொறையும் இல்ல. எனக்குத் தெரியும்."

இத்தனை மாதமும் வெங்கடேஸ்வரி கேட்கக் காத்திருந்த சொல் அதுதான். கேட்ட பிறகு எரிச்சல் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை.

"உங்க தூக்கத்துக்கு எங்க வீட்டுக்காரருதானா கெடச்சாரு?"

"வேற யாரு இருக்கா? நல்ல மனுசன். பொறுத்துக்கிடுவாருன்னு நெனச்சேன்."

பாஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே இருமினார்.

"நீங்க சிரிக்காதீங்க பாஸ்டர்," என்றாள் வெங்கடேஸ்வரி. ஆனாலும் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். வேல்பாண்டி திரும்பி வருவானா, எது எதற்குக் கூலி, தனுஷ்கோடிக்குச் சொன்ன வாக்கு எங்கே போய் நிறைவேறும் என்பதெல்லாம் அவளுக்கும் தெரியாது. தெரிந்த மாதிரிப் பேசுகிறவர்களைத்தான் தாங்க முடியவில்லை. பாய் விரிக்கப் போன மனுஷன் ஒரு நாளும் அட்டையில் என்ன கிடைக்கும் என்று பார்த்துவிட்டுப் போகவில்லை.

"எம்புட்டு வெட்டுனீங்க?"

"பதினேழு," என்றார் பாஸ்டர்.

"மத்ததத் தொடாதீங்க. வெள்ளை அட்டை இருந்தா கொண்டாங்க. திரும்ப எழுதுறேன், முழுசா. இல்லேன்னா அடுத்த வருசம் வேற கையெழுத்தப் பாத்துக்கிடுங்க."

பாஸ்டர் கத்தரிக்கோலை மேஜை இழுப்பறைக்குள் போட்டுவிட்டு, உள்ளே போய் அட்டையும் பேனாவும் கொண்டுவந்தார். சுந்தரம்மாள் ஸ்கேலை எடுத்துக் கோடு போட ஆரம்பித்தாள். முதல் கோடே ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"நேரா போடுங்கக்கா," என்றாள் வெங்கடேஸ்வரி.