வண்டிப் பொங்கலுக்குப் பொறுப்பாளர்

"உங்கண்ணனைப் பத்தி யாராச்சும் தப்பாப் பேசுனா நானே எந்திரிச்சு உண்மையச் சொல்லிடறேன் கண்ணு, நீ வாயே தொறக்காத" என்று தீனதயாளன் காலையில்கூடச் சொல்லியிருந்தான். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் மைதிலி கருத்தரங்கக் கூடத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

நின்றுபோன வண்டிப் பொங்கலை மறுபடி நடத்தலாமா என்பதுதான் பேச்சு. திருச்செங்கோட்டை ஒட்டிய பல்கலைக்கழகம். பல மாணவர்கள் வீட்டில் போர் போடுகிற, அதாவது ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற, ரிக் வண்டி உண்டு. தை பிறப்பதற்கு முன்னால் இறுதியாண்டு மாணவர்கள் ஒரு வண்டியைக் கழுவி, பொட்டு வைத்து, மைதானத்தின் நடுவில் நிறுத்துவார்கள். வண்டியின் மேல் படுத்திருக்கும் துளையிடும் இரும்புக் கோபுரத்தின் நுனியில் கரும்புக் கட்டைக் கட்டி நிமிர்த்துவார்கள். கரும்பு வானத்தைத் தொட்ட பிறகுதான் அடுப்பு பற்றும். எல்லாமே மாணவர் பொறுப்பு.

நான்கு வருடத்துக்கு முன்னால், நிமிர்ந்த கோபுரம் மின்கம்பியைத் தொட்டது. தரையில் நின்று வண்டியைப் பிடித்திருந்த தமிழரசு, மைதிலியின் அண்ணன், அங்கேயே செத்துப்போனான். மாணவர்கள் இஷ்டத்துக்கு வண்டியை ஓரத்தில் நிறுத்தியதுதான் காரணம் என்று விசாரணையில் முடிவானது. உண்மையில், விருந்தினருக்குப் பந்தல் போட வேண்டும் என்று வண்டியை ஓரமாகத் தள்ளச் சொன்னவர் பதிவாளர் குருமூர்த்தி. நடு மைதானத்திலேயே பழகியவர்கள் யாரும் மேலே கம்பி போகிறதா என்று அண்ணாந்து பார்க்கவில்லை. அவர் சொன்னதைக் காதால் கேட்டவர்கள் இருவர். ஒருவன் தமிழரசு. இன்னொருவன் கோபுரத்தை இயக்கிய தீனதயாளன்.

"விசாரணையப்ப நான் ஆஸ்பத்திரில கெடந்தேன். ஒருத்தரும் எங்கிட்டக் கேக்கலை. கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன்" என்று தீனதயாளன், மைதிலியின் அம்மா பழனியம்மாளிடம் அழுதிருக்கிறான். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு ஒரு பிள்ளையைப் போலவே ஆகிவிட்டான். இப்போது இதே பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியர். வரும் தையில் அவனுக்கும் மைதிலிக்கும் கல்யாணம்.

மேடையில் குருமூர்த்தி தொண்டையைச் செருமினார். "நடத்தலாம். ஆனா எங்க மேற்பார்வையில. கோபுரத்தைத் தூக்கக் கூடாது."

"அதுக்குக் காலேஜ் பஸ்லயே கரும்பக் கட்டிக்கலாங்க சார்!" என்று யாரோ கத்த, கூடம் சிரித்தது.

மாணவர் தலைவி கனிஷ்கா எழுந்தாள். "தூக்காத வண்டிக்கு எதுக்குங்க சார் பொங்கல்? ஒரு பேராசிரியர் பக்கத்துல நிக்கட்டும். ஆனா வண்டி எங்க கையில இருக்கட்டுங்க."

"உங்க கையில இருந்து என்ன ஆச்சுன்னு பாத்தோமில்ல? சொன்ன பேச்சைக் கேக்காம ஒரு பையன் தானும் செத்து, எங்க பேரையும் கெடுத்துட்டுப் போனான்."

மைதிலி முன்வரிசையைப் பார்த்தாள். தீனதயாளனின் பிடரி அசையவில்லை. அவள் பத்து எண்ணும் அளவுக்குக் காத்திருந்தாள். பிறகு எழுந்தாள்.

"எங்கண்ணன் சொன்ன பேச்சைக் கேட்டதாலதாங்க சார் செத்தான். வண்டிய ஓரமாத் தள்ளச் சொன்னது நீங்க."

குருமூர்த்தி கோபப்படவில்லை. "அன்னைக்கு வண்டியில இருந்தவர் இங்கதான் இருக்காரு. தீனதயாளன், நான் அப்படிச் சொன்னேனா?"

அவன் எழுந்தான். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"எனக்குச் சரியா ஞாபகம் இல்லைங்க சார்."

அவ்வளவுதான். கனிஷ்கா மட்டும் திரும்பி மைதிலியைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். கோபுரத்தைத் தூக்கலாம், ஆனால் பேராசிரியர் ஒருவரின் பொறுப்பில் என்று முடிவாயிற்று. கைகள் உயர்ந்தன. "அனுபவப்பட்டவரே இருக்கட்டும்" என்று குருமூர்த்தி தீனதயாளனையே பொறுப்பாளராக அறிவித்தார். கைதட்டினார்கள்.

வாசலில் அவன் ஓடிவந்தான். "மைதிலி, இன்னும் வேலை நிரந்தரமாகலை. நம்ம ரெண்டு பேத்துக்காகத்தான்..."

"ஏனுங்க, எங்கண்ணன் கரும்பக் கட்டும்போது உங்ககூட என்ன பேசிட்டிருந்தான்?"

"ஊட்டுக்கு நேரத்துல போகோணும், அம்மா தேடும்னு..." அவன் நிறுத்திவிட்டான்.

"அது ஞாபகம் இருக்குது."

அவன் நீட்டிய கையைத் தொடாமல் நடந்தாள்.

ராசிபுரம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கைப்பேசி அடித்தது. "மாப்பிள்ளையும் கூட வாராரா சாமி? கோழி அடிச்சிருக்கேன். நாக்குச் செத்துப்போய் வருவாரு" என்றாள் பழனியம்மாள்.

"நான் மட்டும்தான் வாரேன்மா. இனிமே அவரு வரமாட்டாரு."

அம்மா அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

"அவருகிட்டக் கேட்டாங்களா?"

"கேட்டாங்கம்மா. மறந்துபோச்சாமா."

"அப்ப எம்பையன் திமிரெடுத்துச் செத்தான்னே இருக்கட்டும்னு உட்டுட்டாங்களா?"

முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அம்மா விம்முவது இந்த முனைக்குக் கேட்டது.

"நான் பஸ் நிக்கற எடத்துல வந்து நிக்கறேன் சாமி" என்றாள் அம்மா, கடைசியில். வெயில் இன்னும் தாழவில்லை. வேண்டாம் என்று சொல்ல மைதிலிக்கு மனம் வரவில்லை.